அமெரிக்க அரசு முடக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாட்கள், அமெரிக்க மத்திய அரசின் பெரும்பகுதி பணமின்றி முடங்கிக் கிடந்தது. அதற்கு முன் நிகழ்ந்த எந்த முடக்கமும் அவ்வளவு காலம் நீடித்ததில்லை. உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்தை நடத்தும் அரசு தன் ஊழியர்களுக்குச் சம்பளம் தர இயலாமல் நிற்பது எப்படி, அதனால் எந்தக் கட்சிக்கு என்ன லாபம், அதைத் தடுக்க வழியே இல்லையா என்ற கேள்விகளுக்கு இந்தப் பக்கம் விடை தருகிறது.

அரசு முடக்கம் என்றால் சரியாக என்ன நடக்கிறது?

சட்டத்தின் மூலம் ஒதுக்கப்படாத எந்தப் பணத்தையும் கருவூலத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவு கூறுகிறது. நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்கி மறு ஆண்டு செப்டம்பர் 30 அன்று முடிகிறது. அதற்குள் புதிய ஒதுக்கீட்டுச் சட்டமோ, பழைய அளவிலேயே செலவைத் தொடர அனுமதிக்கும் இடைக்காலச் சட்டமோ நிறைவேறாவிட்டால், ஆண்டுதோறும் ஒதுக்கீடு பெற்று இயங்கும் துறைகள் சட்டப்படி செலவு செய்ய முடியாது. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பளிக்கும் பணிகளில் உள்ளவர்கள் சம்பளமின்றி வேலைக்கு வர வேண்டும். மற்றவர்கள் ஊதியமில்லா விடுப்பில் அனுப்பப்படுகிறார்கள்.

முதியோர் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி, மூத்தோர் மருத்துவத் திட்டமான மெடிகேர் போன்றவை ஆண்டு ஒதுக்கீட்டை நம்பியவை அல்ல. நிரந்தரச் சட்டங்களால் நிதி பெறுபவை. ஆகவே அவை தொடர்கின்றன. அரசின் மொத்தச் செலவில் பெரும்பங்கு இப்படி நிரந்தரச் சட்டங்களின் கீழ் வருவதால், முடக்கம் என்பது அரசு முழுவதும் நின்றுபோவதைக் குறிக்காது. எஞ்சிய பகுதியில்தான் விமான நிலையப் பாதுகாப்பு, உணவு ஆய்வு, நீதித்துறை, தேசியப் பூங்காக்கள், புள்ளிவிவர அலுவலகங்கள் ஆகிய அன்றாட அரசு இருக்கிறது.

அமெரிக்காவில் இது தொடக்கத்திலிருந்தே வழக்கமா?

இல்லை, ஆனால் பல அமெரிக்கர்களே இதை நினைவில் கொள்வதில்லை. 1980-க்கு முன்பும் ஒதுக்கீடு தாமதமான இடைவெளிகள் பலமுறை ஏற்பட்டன. அப்போது துறைகள் புதிய செலவுகளைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகள் கொண்ட சட்டமியற்றும் அமைப்பான காங்கிரஸ் எப்படியும் பணம் தரும் என்ற நம்பிக்கையில் வழக்கம்போல இயங்கின. ஒதுக்கப்படாத பணத்தைச் செலவிட அதிகாரிகளுக்குத் தடை விதிக்கும் 19-ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. ஆனால் கதவை இழுத்து மூட வேண்டும் என்று யாரும் அதற்குப் பொருள் கொள்ளவில்லை.

1980-இல் ஜிம்மி கார்ட்டர் ஆட்சியின் சட்டத்துறைத் தலைவர் பெஞ்சமின் சிவிலெட்டி, அந்தச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தே ஆக வேண்டும் என்று கருத்துரை வழங்கினார். அந்த ஆண்டு மே 1 அன்று கூட்டாட்சி வணிக ஆணையம் ஒரு நாள் மூடப்பட்டது. 1981 தொடக்கத்தில் அவரே உயிர், உடைமைப் பாதுகாப்புக்கான விலக்குகளை விளக்கி இரண்டாவது கருத்துரையை எழுதினார். இன்று எந்த ஊழியர் வேலைக்கு வர வேண்டும், யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று பிரிக்கும் முறை அதிலிருந்துதான் வளர்ந்தது. நாட்டை நிறுவியவர்கள் எழுதிவைத்த ஏற்பாடு என்று பேசப்படும் இந்த நெருக்கடி, உண்மையில் ஒரு சட்ட விளக்கத்தில் பிறந்தது. நினைத்தால் ஒரு சாதாரணச் சட்டத்தாலேயே அதை மாற்றிவிட முடியும்.

ஒதுக்கீட்டு மசோதாக்கள் ஏன் குறித்த காலத்தில் நிறைவேறுவதில்லை?

மொத்தம் 12 மசோதாக்கள் இரு அவைகளிலும் நிறைவேறி அதிபரின் கையெழுத்தைப் பெற வேண்டும். நிதியாண்டு அக்டோபருக்கு மாற்றப்பட்ட காலத்திலிருந்து, எல்லா ஒதுக்கீடுகளும் உரிய நேரத்தில் முடிந்தவை 1977, 1989, 1995, 1997 ஆகிய நான்கு நிதியாண்டுகள் மட்டுமே. மற்ற ஆண்டுகளில் இடைக்காலச் சட்டங்களைக் கொண்டுதான் ஓட்டினார்கள். குழுக்களில் மாதக்கணக்கில் விவாதித்துத் தயாரித்த மசோதாக்கள் ஓரமாக வைக்கப்பட்டு, கடைசி வாரத்தில் நான்கைந்து தலைவர்கள் அறைக்குள் அமர்ந்து முடிவெடுக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. இது இரு கட்சிகளும் சேர்ந்து வளர்த்த பழக்கம்.

2025-இல் வெள்ளை மாளிகை, செனட், பிரதிநிதிகள் சபை மூன்றும் குடியரசுக் கட்சியிடமே இருந்தன. பிறகு எப்படி முடக்கம் வந்தது?

செனட்டின் விதிதான் காரணம். 100 உறுப்பினர்கள் கொண்ட செனட்டில் ஒரு மசோதாவை நிறைவேற்ற 51 வாக்குகள் போதும். ஆனால் அதன் மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்ல 60 பேரின் ஒப்புதல் தேவை. விவாதத்தை நீட்டித்து மசோதாவைத் தடுக்கும் இந்த உத்திக்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். 1917-இல் விவாதத்தை முடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற விதி வந்தது. 1975-இல் அது ஐந்தில் மூன்று பங்காகக் குறைக்கப்பட்டது.

குடியரசுக் கட்சிக்கு 53 இடங்கள் இருந்தன. நவம்பர் 21 வரை செலவைத் தொடரும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை செப்டம்பர் 19 அன்று 217-க்கு 212 என்ற கணக்கில் நிறைவேற்றியது. செனட்டில் அது மீண்டும் மீண்டும் வாக்கெடுப்புக்கு வந்து, 60-ஐ எட்டாமல் 14 முறை தோற்றது. நாடாளுமன்ற ஆட்சிமுறை உள்ள நாடுகளில் செலவு மசோதா தோற்றால் அரசே கவிழும். புதிய தேர்தலோ புதிய அமைச்சரவையோ வரும். அமெரிக்காவில் அதிபரின் பதவிக்காலமும் உறுப்பினர்களின் பதவிக்காலமும் நாள் குறிக்கப்பட்டவை. தோல்வி யாருடைய பதவியையும் பறிப்பதில்லை என்பதால், முட்டுக்கட்டையை உடைக்க வேண்டிய அவசரமும் யாருக்கும் வருவதில்லை.

பெரும்பான்மைக் கட்சி அந்த 60 வாக்கு விதியையே நீக்கிவிட முடியாதா?

முடியும். 2013-இல் ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட், உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்கு அந்த விதியை நீக்கினார். 2017-இல் குடியரசுக் கட்சியின் மிட்ச் மெக்கானல் அதை உச்ச நீதிமன்ற நியமனங்களுக்கும் விரிவாக்கினார். முடக்கம் ஒரு மாதத்தை எட்டியபோது, சட்டங்களுக்கும் விதியை நீக்குமாறு அதிபர் டொனால்டு டிரம்ப் தம் கட்சியினரை வெளிப்படையாகவே வற்புறுத்தினார். செனட் பெரும்பான்மைத் தலைவர் ஜான் தூன் இணங்கவில்லை. நாளை சிறுபான்மையாக அமரும்போது தமக்கும் அந்தக் கேடயம் வேண்டும் என்பது அவர் தரப்பின் கணக்கு.

வரி, செலவு சார்ந்த சில மசோதாக்களை மட்டும் ஆண்டில் குறைந்த முறை, தனி நடைமுறையில், 51 வாக்குகளில் நிறைவேற்றலாம். 2025 ஜூலை 4 அன்று சட்டமான டிரம்பின் பெரிய வரிச் சட்டம், துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் வாக்கோடு 51-க்கு 50 என்று செனட்டைக் கடந்தது அப்படித்தான். ஒதுக்கீட்டு மசோதாக்களுக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. ஒரு கட்சி தன் பெரிய கனவுத் திட்டத்தைத் தனியாகவே நிறைவேற்றிக்கொண்டு, அன்றாட அரசை நடத்த மட்டும் எதிர்க்கட்சியின் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை இதனால் உருவாகிறது. அந்தச் சட்டத்தில் தோற்றவர்கள், தங்களுக்குக் கிடைக்கும் ஒரே பிடியான ஒதுக்கீட்டு மசோதாவைப் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை.

2025-இல் சர்ச்சையின் மையம் என்ன?

மருத்துவக் காப்பீட்டு மானியம். ஒபாமா காலத்துச் சட்டத்தின்படி, நிறுவனத்தின் வழியாகக் காப்பீடு கிடைக்காதவர்கள் அரசு நடத்தும் சந்தையில் காப்பீடு வாங்குகிறார்கள். 2025-இல் அவர்கள் ஏறத்தாழ 2.4 கோடிப் பேர். வருமானத்துக்கேற்ப அவர்களுக்கு மானியம் உண்டு. கொரோனாக் காலத்தில், 2021-இல், ஜோ பைடன் ஆட்சி அந்த மானியத்தை உயர்த்தியது. எந்தக் குடும்பமும் வருமானத்தில் 8.5 விழுக்காட்டுக்கு மேல் அடிப்படையான காப்பீட்டுக்குச் செலுத்த வேண்டியதில்லை என்று உச்சவரம்பும் வைத்தது. 2022-இல் அந்த ஏற்பாடு 2025 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது.

அதை மேலும் நீட்டிக்காவிட்டால் இடைக்கால மசோதாவுக்கு வாக்களிக்க மாட்டோம் என்றார்கள் சக் ஷூமர் தலைமையிலான ஜனநாயகக் கட்சியினர். மானியம் பெறுவோர் தங்கள் கையிலிருந்து செலுத்தும் பிரீமியம் சராசரியாக ஆண்டுக்கு 888 டாலரிலிருந்து 1,904 டாலராக உயரும் என்று சுகாதாரக் கொள்கை ஆய்வு அமைப்பான கே.எஃப்.எஃப். கணித்திருந்தது. நவம்பர் 1 அன்று அடுத்த ஆண்டுக் காப்பீட்டுக்கான பதிவு தொடங்குவதால் இப்போது பேசாவிட்டால் பிறகு பயனில்லை என்பது அவர்களின் வாதம். ஜூலைச் சட்டம் ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தில் செய்த வெட்டுகளைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் தொடக்கத்தில் கோரினார்கள்.

குடியரசுக் கட்சியினரின் வாதத்தையும் அதன் முழு வலுவோடு சொல்ல வேண்டும். பெருந்தொற்றுக்காக என்று சொல்லிக் கொண்டுவந்த தற்காலிக உதவி, பெருந்தொற்று முடிந்த பின்னும் நிரந்தரமாவது நியாயமா என்று கேட்டார்கள். அதை நிரந்தரமாக்கினால் 10 ஆண்டுகளில் சுமார் 35,000 கோடி டாலர் செலவாகும் என்பது காங்கிரஸின் சொந்த வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீடு. பணம் நேராகக் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போகிறது, பிரீமியம் ஏறுவதற்கான மூல காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றும் கூறினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கொள்கை மாற்றமும் இல்லாத இடைக்கால மசோதாவைப் பிணையாக வைத்துப் பேரம் பேசக் கூடாது, முதலில் அரசைத் திறங்கள், பிறகு பேசுவோம் என்றார்கள்.

இவற்றோடு, ஆவணமற்ற குடியேறிகளுக்கு இலவச மருத்துவம் தருவதற்காகவே ஜனநாயகக் கட்சி அரசை முடக்குகிறது என்ற பிரசாரமும் நடந்தது. அது உண்மையல்ல. ஆவணமற்றவர்கள் இந்த மானியத்துக்கோ, அவசரச் சிகிச்சை நீங்கலான மெடிக்கெய்டு பலன்களுக்கோ முன்பும் தகுதி பெற்றிருக்கவில்லை. ஜூலைச் சட்டம் பறித்தது, சட்டபூர்வமாக நாட்டில் இருக்கும் சில வகைக் குடியேறிகளின் தகுதியை. அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதே கோரிக்கை.

முதலில் திறங்கள், பிறகு பேசுவோம் என்பதை எதிர்க்கட்சி ஏன் ஏற்கவில்லை?

இந்தச் சர்ச்சையில் மானியத்தை விடவும் ஆழமான விஷயம் இதுதான். ஒரு செலவு ஒப்பந்தத்துக்கு எதிர்க்கட்சி வாக்களிக்கிறது என்றால், ஒப்புக்கொண்ட பணம் செலவிடப்படும் என்ற நம்பிக்கை வேண்டும். 2025-இல் அந்த நம்பிக்கை குலைந்திருந்தது. ஜூலையில், ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட வெளிநாட்டு உதவி, பொது ஒலிபரப்பு நிதி ஆகியவற்றில் சுமார் 900 கோடி டாலரை ரத்து செய்யும் சட்டத்தைக் குடியரசுக் கட்சி சாதாரணப் பெரும்பான்மையிலேயே நிறைவேற்றியது. பணத்தை ஒதுக்க 60 வாக்கு வேண்டும், ஒதுக்கியதைப் பறிக்க 51 போதும் என்றால், ஒதுக்கீட்டின் போது எட்டிய உடன்பாட்டுக்கு என்ன மதிப்பு?

ஆகஸ்ட் இறுதியில் நிர்வாகம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1974-ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒரு ஒதுக்கீட்டை ரத்து செய்யுமாறு அதிபர் காங்கிரஸைக் கேட்கலாம். அது பரிசீலிக்கும் 45 நாட்கள் வரை பணத்தை நிறுத்திவைக்கலாம். நிதியாண்டு முடிய 45 நாட்களுக்கும் குறைவாக இருந்த நேரத்தில் 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவியை ரத்து செய்யக் கேட்டு டிரம்ப் கடிதம் அனுப்பினார். காங்கிரஸ் பதில் சொல்லாவிட்டாலும் செப்டம்பர் 30 அன்று அந்தப் பணம் காலாவதியாகிவிடும். செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிதியின் பெரும்பகுதியை நிறுத்திவைக்க இடைக்காலமாக அனுமதித்தது. ஐந்து நாட்களுக்குப் பின் முடக்கம் தொடங்கியது. பணத்தின் மீதான அதிகாரம் காங்கிரஸுக்கே என்ற அடிப்படையை இந்த உத்தி அரிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. எந்தக் கட்சியின் அதிபர் செய்தாலும் இதே விளைவுதான். இனி வரும் ஜனநாயகக் கட்சி அதிபர் ஒருவர் பாதுகாப்புத் துறையின் பணத்தில் இதையே செய்வதை எந்த வாதத்தைக் கொண்டு தடுப்பார்கள்?

முடக்கம் எப்படி முடிந்தது?

நவம்பர் 9 அன்று ஜனநாயகக் கட்சி அணியைச் சேர்ந்த எட்டு செனட்டர்கள், அவர்களில் ஒருவர் சுயேச்சையான ஆங்கஸ் கிங், குடியரசுக் கட்சியினரோடு சேர்ந்து வாக்களித்தார்கள். குடியரசுக் கட்சியின் ராண்ட் பால் எதிர்த்ததால் கணக்கு சரியாக 60-க்கு 40 ஆனது. நவம்பர் 12 அன்று பிரதிநிதிகள் சபை 222-க்கு 209 என்று ஒப்புதல் தர, டிரம்ப் அன்றிரவே கையெழுத்திட்டார்.

வேளாண்மை, முன்னாள் படைவீரர் நலன், காங்கிரஸின் சொந்தச் செலவு ஆகிய மூன்று மசோதாக்களுக்கு முழு ஆண்டு நிதியும், மற்றவற்றுக்கு 2026 ஜனவரி 30 வரை இடைக்கால நிதியும் கிடைத்தன. மானியம் நீட்டிக்கப்படவில்லை, டிசம்பரில் அதன் மீது வாக்கெடுப்பு நடத்துவதாகத் தூன் வாக்குறுதி தந்தார். வாக்கெடுப்பு நடந்தது, 60 கிடைக்கவில்லை, ஆண்டு முடிவில் மானியம் காலாவதியானது. 40 நாட்களுக்கு மேல் நடத்திய போராட்டத்தில், கோரியதைப் பெறவில்லை என்ற கோபம் ஜனநாயகக் கட்சிக்குள் வெடித்தது.

ஊழியர்களுக்குச் சம்பளம் திரும்பக் கிடைத்ததா?

கிடைத்தது. முந்தைய நீண்ட முடக்கத்தின்போது 2019-இல் வந்த சட்டம் மத்திய அரசு ஊழியர்களுக்கு நிலுவைச் சம்பளத்தை உறுதி செய்கிறது. ஆனால் ஏறத்தாழ 14 லட்சம் பேர் வாரக்கணக்கில் வருமானமின்றி இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் தினமும் வேலைக்கும் போனார்கள். பின்னால் வரும் பணம், வாடகைக் கெடுவைத் தள்ளிப்போடுவதில்லை. அரசுக் கட்டடங்களைத் துப்புரவு செய்யும், காவல் காக்கும், உணவகங்களில் சமைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை. இழந்த கூலி இழந்ததுதான். ஒவ்வொரு முடக்கத்திலும் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர்களே முழு இழப்பைச் சுமக்கிறார்கள் என்பது இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய அநீதி.

2025-இல் புதிதாக இன்னொன்றும் நடந்தது. அக்டோபர் 10 அன்று சுமார் 4,000 ஊழியர்களுக்கு நிரந்தரப் பணிநீக்க அறிவிப்புகளை நிர்வாகம் அனுப்பியது. நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பர் ஒப்பந்தம் அந்த அறிவிப்புகளை ரத்து செய்தது. காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளமோ, அரசியலமைப்பின் பாதுகாப்பால், ஒரு நாளும் நிற்கவில்லை.

பொதுமக்களை எது அதிகமாகப் பாதித்தது?

உணவு உதவி. ஸ்னாப் என்ற திட்டத்தின் மூலம் 2025-இல் சுமார் 4.2 கோடிப் பேர் மாதந்தோறும் உணவுப் பொருள் வாங்க உதவி பெற்றுவந்தார்கள். நவம்பர் மாதத் தொகை, திட்டத்தின் வரலாற்றில் முதல் முறையாக, உரிய நாளில் வரவில்லை. அவசரகால இருப்புப் பணத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்றது வேளாண் துறை. பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றார்கள் ரோட் ஐலண்ட், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் இருந்த கூட்டாட்சி நீதிபதிகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சில மாநிலங்களில் முழுத் தொகையும், சிலவற்றில் பாதியும், சிலவற்றில் ஒன்றுமே இல்லாமலும் நாட்கள் கழிந்தன. அதே வேளையில் படைவீரர்களுக்குச் சம்பளம் தரப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிதியிலிருந்து சுமார் 800 கோடி டாலர் திருப்பிவிடப்பட்டது. ஆகவே, பணம் இல்லை என்பது மட்டுமே காரணம் அல்ல. யாருக்காக வழி தேடுவது, யாருக்காகத் தேடாமல் விடுவது என்று நிர்வாகம் தேர்வு செய்தது.

சம்பளமில்லாத வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் பற்றாக்குறையால், நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க உத்தரவு வந்தது. குறைவாகப் பேசப்பட்ட இழப்பு புள்ளிவிவரங்களில் நேர்ந்தது: 2025 அக்டோபர் மாதத்துக்கான வேலையின்மை விகிதம் வெளியிடப்படவே இல்லை, ஏனெனில் கணக்கெடுப்பாளர்கள் வீடுகளைத் தொடர்புகொள்ளவில்லை. பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த மாதத்தைத் திரும்ப அளக்க முடியாது.

ஹெச்-1பி விசாவில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு என்ன ஆனது?

குடியேற்றச் சேவை அமைப்பு விண்ணப்பக் கட்டணத்தில் இயங்குவதால் அது மூடப்படவில்லை. ஆனால் ஹெச்-1பி மனுவுக்கு முன் தொழிலாளர் துறையின் ஊதியச் சான்று தேவை. அந்தத் துறை ஆண்டு ஒதுக்கீட்டில் இயங்குவது. அக்டோபர் 1 முதல் அக்டோபர் இறுதி வரை புதிய சான்றுகளும், கிரீன் கார்டின் முதல் படியான தொழிலாளர் சான்றும் நின்றுபோயின. வேலை மாறத் திட்டமிட்டவர்களும், வேலை இழந்தபின் 60 நாள் அவகாசத்துக்குள் புதிய நிறுவனத்தைத் தேடியவர்களும் அதில் சிக்கிக்கொண்டார்கள். நிதியாண்டு முடியும் செப்டம்பரில் இத்தகைய மனு தேவைப்படுமானால், மாத இறுதிக்குக் காத்திராமல் சான்றைப் பெற்றுவிடுவது நல்லது.

முடக்கத்தை ஆயுதமாகப் பயன்படுத்தியவர்கள் இதுவரை எதையாவது சாதித்திருக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. 1995-96 முடக்கங்களில், சமூகச் செலவுகளை வெட்டக் கோரிய நியூட் கிங்ரிச் தலைமையிலான குடியரசுக் கட்சி பின்வாங்கியது. பில் கிளிண்டன் மறுதேர்தலில் வென்றார். 2013-இல் ஒபாமாவின் மருத்துவச் சட்டத்துக்கு நிதியை மறுக்கக் கோரி 16 நாட்கள் அரசு மூடப்பட்டது. சட்டம் அப்படியே நின்றது. 2018 டிசம்பர் 22 முதல் 35 நாட்கள் நீடித்த முடக்கத்தில் டிரம்ப் எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டார்; கடைசியில் காங்கிரஸ் கொடுத்தது 137.5 கோடி. அந்த முடக்கத்தில் பொருளாதாரம் இழந்து மீளாத மதிப்பு மட்டும் சுமார் 300 கோடி டாலர் என்று வரவுசெலவு அலுவலகம் கணித்தது. 2025 முடக்கத்துக்கு அதே அலுவலகம் தந்த மதிப்பீடு, ஆறு வாரம் நீடித்தால் 1,100 கோடி டாலர்.

கோரிக்கை நிறைவேறாவிட்டாலும், ஒரு பிரச்சினையை நாடு முழுவதும் பேசவைக்க முடிகிறது என்று முடக்கத்தை நடத்துவோர் வாதிடுகிறார்கள். காப்பீட்டு மானியம் விஷயத்தில் அது ஓரளவு நடந்தது உண்மைதான். அதற்கான விலையைப் பேசவைத்தவர்கள் கொடுக்கவில்லை என்பதே என் மறுப்பு.

கடன் வரம்புச் சிக்கலும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. முடக்கம் புதிதாகச் செலவு செய்யும் அனுமதி பற்றியது. கடன் வரம்பு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுகளுக்குக் கடன் வாங்கும் அனுமதி பற்றியது. அதைத் தாண்டினால் அரசு தன் கடன் பத்திரங்களுக்கே பணம் தர முடியாமல் போகலாம். 2025 ஜூலை 4 அன்று வந்த வரிச் சட்டம் அந்த வரம்பை 5 லட்சம் கோடி டாலர் உயர்த்தியதால் அந்த ஆண்டின் சண்டையில் அது இடம்பெறவில்லை.

முடக்கத்தையே ஒழிக்க வழி உண்டா?

உண்டு, அது எளிமையானதும்கூட. புதிய ஒதுக்கீடு வராவிட்டால் பழைய அளவிலேயே செலவு தானாகத் தொடரும் என்று ஒரு சட்டம் இயற்றினால் போதும். விஸ்கான்சின் மாநிலத்தில் அத்தகைய ஏற்பாடு உள்ளது. குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் லாங்க்ஃபோர்டும் ஜனநாயகக் கட்சியின் மேகி ஹாசனும் இணைந்து, செலவு தானாகத் தொடரும், அதேசமயம் ஒதுக்கீடு முடியும் வரை உறுப்பினர்கள் வாஷிங்டனை விட்டு நகர முடியாது என்ற மசோதாவைப் பலமுறை முன்வைத்திருக்கிறார்கள்.

எதிர்ப்பும் வெறும் சுயநலம் அல்ல. தானாகப் பணம் வந்துகொண்டிருந்தால் புதிய தேவைகளுக்கு ஏற்ப ஒதுக்கீட்டை மாற்றும் அவசரம் போய்விடும், பழைய கணக்கு ஆண்டுக்கணக்கில் ஓடும், செலவு உயரக் கூடாது என்போருக்கு அதுவே வெற்றியாகும் என்று ஒதுக்கீட்டுக் குழுவின் மூத்தவர்கள் அஞ்சுகிறார்கள். நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தக் காங்கிரஸிடம் மிஞ்சியிருக்கும் சில கருவிகளில் ஒன்றை விட்டுக்கொடுப்பதா என்ற கேள்வியும் இருக்கிறது. அந்த அச்சம் பொருளுள்ளது. ஆயினும் பல ஆண்டுகளாக இடைக்காலச் சட்டங்களின் மூலம் பழைய கணக்குதான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மாற்றும் வேலையைக் காங்கிரஸ் தன் குழுக்களில், தன் வாக்குகளால் செய்யட்டும். நவம்பர் மாத உணவுத் தொகைக்காகக் காத்திருக்கும் குடும்பத்தை அந்தப் பேரத்துக்குப் பிணையாக்க வேண்டியதில்லை.